இறங்கும் கால்

வால்பரைசோவில் படி ஏறுகிறவனைப் பார்த்து
எல்லோரும் பாவம் என்பார்கள்.
இறங்குகிறவனைப் பார்க்க ஆளில்லை.
ஏறும்போது என் தோளில் பதினைந்து கிலோ வாயு,
இரும்பின் எடை தனி.
இறங்கும்போது சிலிண்டர் காலி.
முட்டி கத்துவது அப்போதுதான்.

இருபத்திரண்டு வருஷமாகத்
திருகுசாவியால் சிலிண்டரைத் தட்டிக்கொண்டு போகிறேன்.
டங். டங். டங்.
தகர வீடுகளில் ஒவ்வொன்றாய் ஜன்னல் திறக்கும்.
ஆப்தோன், இன்று ஒன்று வை.
ஆப்தோன், நாளைக்குக் காசு.
போன குளிர்காலத்தில் எர்மிந்தா அம்மாள்
மேலிருந்து கேட்டாள்:
ஏன் நண்டு மாதிரி இறங்குகிறாய்?
அதுவரை எனக்கே தெரியாது,
பக்கவாட்டில் திரும்பி
கைப்பிடிக் கம்பியை அணைத்துக்கொண்டு
ஒரு படிக்கு இரண்டு காலையும் செலவழிக்கிறேன் என்று.

மலையடிவார மருத்துவமனையில் யாஸ்னா.
அவள் வேலையை இங்கே கினே என்போம்.
மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது,
கட்டைவிரலை முட்டிச் சில்லின் கீழே வைத்து
மடக்கு என்றாள், நீட்டு என்றாள்.
மணல் அரைபட்டது.
வலி பத்தில் எத்தனை?
காலையிலா, நூற்று அறுபத்து மூன்றாம் படியிலா என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. ஏழு என்று எழுதிக்கொண்டாள்.

முட்டியில் கொஞ்சம் தேய்மானம்,
அதைத் தாங்க வேண்டிய தொடை தூங்குகிறது என்றாள்.
தூங்குகிறதா?
ஒரு நாளில் முப்பது சிலிண்டர் ஏற்றிய தொடை.
ஏற மட்டும்தான் அதற்குத் தெரியும்,
மெதுவாய் விட்டுக்கொடுக்கத் தெரியாது என்றாள்.
என் மனைவியும் இதையே சொல்லியிருக்கிறாள்,
வேறு விஷயத்துக்கு.

ஒரு மஞ்சள் ரப்பர் பட்டை தந்தாள்.
மேஜைக்காலில் கட்டி, வளையத்தை முட்டிக்குப் பின்னால் மாட்டி
இழுப்பை எதிர்த்துக் காலை நீட்டு,
ஐந்து எண்ணு, விடு.
பத்துத் தடவை. காலை, மாலை.
பிறகு சுவரில் கை ஊன்றிக்
கெண்டைக்கால் இழுபடச் சாய்ந்து நில்,
குதிகால் தரையை விடக் கூடாது.

அடுத்த வாரம் போனேன்.
செய்தாயா?
செய்தேன்.
பட்டையைக் கேட்டாள், கொடுத்தேன்.
விரலால் ஒரு தேய் தேய்த்தாள்,
விரலை என் பக்கம் நீட்டினாள்.
வெள்ளைப் பவுடர்.
புது ரப்பர் ஒட்டாமலிருக்கப் போடுவார்களாம்,
இரண்டு நாள் இழுத்தால் போய்விடுமாம்.
ஐம்பத்தொரு வயதில்
வீட்டுப்பாடம் செய்யாத பையனாய்
கால்சட்டையைச் சுருட்டியபடி உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீட்டு மேஜைக்காலை இழுத்தால்
மேஜையும் கூடவே வரும்.
அதைச் சொல்ல வெட்கம்.
கடைசியில் ஒரு சிலிண்டரில் கட்டினேன்,
நிரம்பிய ஒன்றில்.
அசையவில்லை.
இத்தனை வருஷம் என் மேல் உட்கார்ந்த சனியன்
முதல் தடவையாக
எனக்காக ஒரு இடத்தில் நின்றது.

ஐந்து எண்ணுவது எவ்வளவு நீளம் தெரியுமா?
மூன்றில் தொடை நடுங்கும்.
நான்கில், கீழே துறைமுகத்தில் ஒரு கிரேன் திரும்பி முடிக்கும்.
ஐந்து வராது.
ஐந்து வராது.
வரும்.

பத்து வாரம் ஆயிற்று.
வலி போய்விட்டது என்று சொன்னால்
யாஸ்னா அதிலும் பவுடர் தேடுவாள்.
நான்கு என்கிறேன், ஈரக்காற்று நாளில் ஐந்து.
முட்டிக்குள் மணல் இருக்கிறது,
அது அங்கேயே இருக்கட்டும்.

இன்று காலை கடல்மூடுபனி
பாதிப் படிக்கட்டை விழுங்கியிருந்தது.
காலி சிலிண்டரோடு மேலே நின்று
நேராகத் திரும்பினேன், கடலைப் பார்க்க.
வலது கால் கீழே.
இடது தொடை மெதுவாய், மெதுவாய்
என்னை இறக்கி வைத்தது.
ஒரு படிக்கு ஒரு கால்.
பின்னால் வந்த தெருநாய் பொறுமையிழந்து
என் காலிடுக்கில் புகுந்து முந்திப் போனது.
போகட்டும்.
மூன்று. நான்கு.
மேலே ஜன்னல் திறந்த சத்தம் கேட்டது.
திரும்பிப் பார்க்கவில்லை,
படியில்தான் கண்.